ரிமோட்டில் 16 வைத்தால் அறை சீக்கிரம் குளிருமா?

ஏர்கான் சர்வீஸுக்குப் போகும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை: "16 வச்சும் குளிர மாட்டேங்குது தம்பி."

ரிமோட்டில் தெரியும் எண், அறை எந்த வெப்பத்தில் நிற்கவேண்டும் என்பதற்கான அளவு. 30 டிகிரி அறையில் 25 வைத்தாலும் 16 வைத்தாலும் தொடக்கத்தில் கம்ப்ரஸர் முழு மூச்சாகத்தான் ஓடும். 25-ஐ எட்டியதும் இன்வெர்ட்டர் ஏர்கான் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 16 என்றால், நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் பெரும்பாலும் எட்டாத இலக்கு. விடிய விடிய ஓடும், பில் ஏறும்.

வேகம் வேறு கணக்கு. வேலை நடக்கும் வேகத்தைத்தான் வாட்டில் சொல்கிறோம்: நொடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட். படுக்கையறைக்கு '1 குதிரைசக்தி' போதும் என்பார்கள் கடைக்காரர்கள். குதிரைசக்தி என்பது 746 வாட். ஆனால் அந்த ஏர்கானின் குளிரூட்டும் திறன் மணிக்கு 9,000 பிடியு (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது சுமார் 2.6 கிலோவாட். முக்கால் கிலோவாட் கொடுத்து 2.6 வாங்கமுடியுமா? முடியும். கம்ப்ரஸர் குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையின் வெப்பத்தை வெளியே இறைக்கிறது, கிணற்றில் மோட்டார் தண்ணீர் இறைப்பதுபோல. கொடுத்த மின்சாரத்துக்கு எத்தனை மடங்கு வெப்பம் இறைக்கிறது என்பதுதான் பார்க்கவேண்டிய விஷயம். ஏர்கானில் ஒட்டியிருக்கும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மின்சிக்கன லேபிளில் அதிக டிக் குறிகள் இருந்தால் அந்த மடங்கும் அதிகம், ஐந்துதான் உச்சம்.

அப்புறம், வெளியே இருக்கும் பெட்டி. பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளே எடுத்த 2.6, மின்சாரமாகச் செலவான முக்கால், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3.3 கிலோவாட் வெப்பம் அதன் வழியாகத்தான் வெளியேறவேண்டும். கொண்டோ அடுக்குமாடி வீடுகளில் இந்தப் பெட்டி நிற்கும் திட்டை (லெட்ஜ்) பலகை வைத்து அடைத்து, முன்னால் துணியும் காயப்போட்டிருப்பார்கள். ஊதிய சூட்டையே பெட்டி மறுபடி உறிஞ்சும். தண்ணீரை இன்னும் உயரத்துக்கு இறைக்கச் சொன்ன கதைதான்: மோட்டாருக்குப் பளு கூடும், ஏறும் தண்ணீர் குறையும். உள்ளே ஃபில்டரில் தூசி அடைந்தாலும் காற்று போதாமல் குளிர் குறையும். அதைக் கழுவ ஆள் வேண்டாம், குழாயடியே போதும்.

இதெல்லாம் பார்க்காமல் வந்த உடனே "கேஸ் கம்மி, ஏத்தணும்" என்று ஒருவர் சொன்னால், கசிவு எங்கே என்று கேளுங்கள். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் எரிந்து தீர்ந்துபோவதில்லை. கசிந்தால்தான் குறையும். கசிவை அடைக்காமல் ஏற்றினால் திரும்பவும் கூப்பிடவேண்டி வரும்.