கரியின் மேல் கரியைத் தேடிய மாணவர்கள்

வரலாறு இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் வாசகி ஒருவர், தம் கல்லூரியில் எல்லாத் துறையினருக்கும் பைத்தான் நிரலாக்கமும் தரவு அறிவியலும் கட்டாயப் பாடமாகிவிட்டதாகவும், கல்வெட்டும் காசும் படிக்க வந்த தமக்கு அது எதற்கென்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். பொதுவாக விடை சொல்வதைவிட, வரலாற்றுத் துறைக்குள்ளேயே நடந்த ஒன்றை விளக்குவது மேல் என்பதால் ஹெர்குலேனியம் சுருள்களை எடுத்துக்கொள்கிறேன்.

கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, ஹெர்குலேனியம் நகரத்து மாளிகை ஒன்றின் நூலகம் அது கக்கியவற்றின் அடியில் புதைந்தது. அங்கிருந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள் எரிந்து சாம்பலாகவில்லை; காற்றுப் புகாத வெப்பத்தில், மூட்டத்தில் வெந்த விறகைப் போல, உருக்குலையாமல் கரியாயின. 1752இல் தொடங்கி வெளியே எடுக்கப்பட்ட சுருள்களும் துண்டுகளுமாகச் சுமார் 1,800 இருக்கின்றன. பிரிக்க முயன்றவை பெரும்பாலும் நொறுங்கிப்போயின.

பிரிக்காமல் படிக்கும் வழியை அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகக் கணினி அறிவியலர் பிரென்ட் சீல்ஸ் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார். சுருளை எக்ஸ்-கதிரால் முப்பரிமாணத்தில் படமெடுத்து, அந்தப் படத்துக்குள் ஒவ்வொரு தாளும் செல்லும் பாதையைத் தடம் பிடித்து, கணினியிலேயே சமமாக விரிப்பது அவருடைய முறை. இஸ்ரேலின் என்கேதியில் கிடைத்த ஒரு கருகிய சுருளை 2016இல் அவர் குழு இப்படித்தான் விரித்து, அது விவிலியத்தின் லேவியராகமம் என்று காட்டியது. அதன் மையில் பெரும்பாலும் உலோகம் கலந்திருந்ததால் எழுத்துகள் படத்தில் பளிச்சென்று தெரிந்தன. ஹெர்குலேனியத்தின் மையோ புகைக்கரியும் பிசினும் சேர்ந்தது. நம் ஓலைச்சுவடியின் கீறல்களில் பூசும் கரிக்கு உறவு. ஒரு பொருளின் அணுக்களும் அடர்த்தியும் எக்ஸ்-கதிரை எவ்வளவு தடுக்கின்றன என்பதை மட்டுமே படம் காட்டும் என்பதால், கரியான தாளின் மேல் கரி மை ஏறக்குறைய மறைந்தே போனது.

2023 மார்ச்சில் சீல்ஸும் தொழில்முனைவோர் இருவரும் சேர்ந்து, இங்கிலாந்தின் டைமண்ட் லைட் சோர்ஸ் துகள் முடுக்கியில் எடுத்த படங்களை உலகுக்கே திறந்து வைத்து, படித்துக் காட்டுவோருக்குப் பரிசு அறிவித்தார்கள். சில மாதங்களில் கேசி ஹேண்ட்மர் என்ற இயற்பியலர், விரித்த தாள்களின் படங்களை மணிக்கணக்காக வெறும் கண்ணால் உற்றுப் பார்த்து, சில இடங்களில் மேற்பரப்பின் தோற்றம் மாறியிருப்பதைக் கண்டார். வற்றிய ஏரியின் அடியில் களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்குமே, அதுபோன்ற நுண்ணிய வெடிப்பு. பூசிய மை காய்ந்து, பிறகு வெந்து, விட்டுச்சென்ற தடம் அது. மைக்கு நிற வேறுபாடு இல்லாவிட்டாலும் உருவ வேறுபாடு இருந்தது.

இங்கேதான் மாணவர்கள் வருகிறார்கள். நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்த 21 வயது லூக் ஃபாரிட்டர், அந்த வெடிப்புகள் தெரிந்த இடங்களைக் கையால் குறித்து, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் ஒரு சிறிய கணினி நிரலுக்கு, அதாவது கற்றல் மாதிரிக்கு, பயிற்சித் தரவாகக் கொடுத்தார். மாதிரி, கண்ணுக்குத் தப்பிய இன்னும் சில கோடுகளைக் காட்டியது. அவற்றில் நம்பத்தக்கவற்றை மறுபடி பயிற்சித் தரவில் சேர்த்தார். மாதிரி மேலும் கூர்மையாகி மேலும் பல கோடுகளைக் காட்டியது. மிகக் குறைந்த தரவிலிருந்து, தன் விடைகளையே விதையாக ஊன்றி, ஒவ்வொரு சுற்றிலும் விளைச்சலைப் பெருக்கும் முறை இது.

தவறான விடை விதையில் கலந்துவிட்டால் தவறும் சேர்ந்தே பெருகும் அல்லவா? எழுத்தைப் பார்க்க ஆசைப்படும் மனிதனுக்கு, கணினி எழுத்தைக் கற்பனை செய்து கொடுத்துவிடாதா? இந்த ஐயத்துக்கு அவர்கள் கண்ட விடைதான், என் பார்வையில், இந்த முயற்சியிலேயே மிக அழகானது. சுருள் கிரேக்க மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், 2024இல் பெரும்பரிசு வென்ற மாதிரிக்குக் கிரேக்க எழுத்து ஒன்றுகூடக் கற்பிக்கப்படவில்லை. அது ஒரு நேரத்தில் பார்ப்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சதுரத்தை மட்டுமே. ஓர் எழுத்தோ அதைவிடப் பல மடங்கு பெரியது. சாவித் துளை வழியாகக் கோபுரத்தைப் பார்ப்பவனுக்குக் கோபுரத்தின் வடிவம் தெரியாது, எதிரே கல் இருக்கிறதா என்பது மட்டும் தெரியும். அதுபோல அந்த மாதிரியிடம் கேட்கப்படுவது ஒரே கேள்வி: இந்த இடத்தில் மை உண்டா, இல்லையா? ஆயிரக்கணக்கான இடங்களில் தனித்தனியே கிடைத்த விடைகளை அடுக்கி வைக்கும்போது ஒரு கிரேக்க எழுத்து தோன்றுகிறது என்றால், அது மாதிரியின் கற்பனையாக இருக்க வழியில்லை. தாளில் இருந்துதான் வந்திருக்க வேண்டும். மாதிரியின் அறியாமையே இங்கே சான்றுக்கு வலிமை சேர்க்கிறது.

2023 அக்டோபரில், ஃபாரிட்டர் வெளிக்கொணர்ந்த முதல் சொல் அறிவிக்கப்பட்டு அவருக்கு 40,000 டாலர் கிடைத்தது. பெர்லினில் முனைவர் பட்டத்துக்குப் படித்துவந்த எகிப்தியரான யூசுஃப் நாதர் அதே சொல்லை வேறொரு முறையில், இன்னும் தெளிவாகக் காட்டினார். அவர்கள் இருவரும், தாள்களைத் தானாகத் தடம் பிடிக்கும் நிரலை எழுதிய ஜூரிச் மாணவர் ஜூலியன் ஷில்லிகரும் சேர்ந்து, 15 பத்திகளில் 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகளை மீட்டதற்காக 2024 பிப்ரவரியில் 7,00,000 டாலர் பெரும்பரிசைப் பெற்றார்கள்.

பரிசுத் தொகைதான் இதைச் சாதித்தது என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு முன் சீல்ஸின் ஆய்வகம் பொது நிதியில் ஆண்டுக்கணக்காக நடந்தது. உடனடிப் பலன் கேட்காத அந்தப் பணம் இல்லையென்றால் திறந்து வைக்கத் தரவே இருந்திருக்காது. தரவைப் பூட்டி வைத்திருந்தாலும் ஒரு நெப்ராஸ்கா மாணவன் இதன் பக்கம் வந்திருக்க மாட்டான். நம் நாட்டில் மக்கள் பணத்தில் எடுக்கப்பட்ட சுவடிப் படங்களையும் கல்வெட்டுப் படிகளையும் கேட்டு ஒரு மாணவர் கடிதம் எழுதினால், படம் கையில் கிடைக்க வேண்டும். மறுப்பதற்கான காரணம் கிடைக்கக் கூடாது.

வாசகியின் கேள்விக்குத் திரும்புகிறேன். மாதிரி தந்ததெல்லாம் மைத் தீற்றல்கள் மட்டுமே. கிரேக்கச் சுருள்களில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. புள்ளியும் இடைவெளியும் இல்லாத நம் கல்வெட்டுகளைப் படித்தவருக்கு அந்தச் சிரமம் தெரிந்திருக்கும். சிதைந்த எழுத்துகளைத் தாங்கிய அந்தப் படத்தைப் பார்த்து, எங்கே சொல் தொடங்குகிறது என்று பிரித்து, அந்த முதல் சொல்லை ‘போர்ஃபிராஸ்’, அதாவது ஊதா நிறச் சாயம் அல்லது ஊதா ஆடை என்று படித்தவர்கள், பாப்பிரஸ் சுவடிகளைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட அறிஞர்கள். அந்த இரண்டில் எது என்று முடிவு செய்ய, சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகள் தேவை; அவற்றை மீட்டுத் தர மறுபடியும் நிரல் தேவை.