வயலில் அடித்த களைநாசினி மிளகாயைச் சுருட்டும் விதம்

சிறுபோகத்தில் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய், தம்பலகாமம் பக்கம் நெல் வெள்ளாமை ஒரு மாதப் பயிராக நிற்கும் நாட்களில், அருகிலுள்ள மேட்டுத் தோட்டங்களில் மிளகாய்க் குருத்து சுருளத் தொடங்கும். பூச்சிதான் என்று நினைத்து மருந்தை மாற்றி மாற்றி அடிப்பார்கள். பல தோட்டங்களில் பூச்சிக்கு அதில் பங்கே இல்லை. வயலில் கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் அடித்த எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினிதான் காரணம்.

இது பீனொக்சி அசற்றிக் அமிலக் குடும்பத்து மருந்து. அதன் மூலக்கூறில் உள்ள வளையத்தின் 2ஆம், 4ஆம் இடங்களில் குளோரின் இருந்தால் அது 2,4-டி என்ற களைநாசினி. 4இல் குளோரினும் 2இல் மெதைலும் இருந்தால் எம்.சி.பி.ஏ. இரண்டும் 1940களில் வந்தவை. இரண்டும் செடியின் சொந்த வளர்ச்சி ஓமோனான ஒட்சினைப் போல நடிப்பவை. தன் ஒட்சினைச் செடி வேண்டியபோது சிதைத்துக்கொள்ளும். இந்த மருந்தை அகன்ற இலைச் செடியால் அவ்வளவு விரைவில் சிதைக்க முடியாது; தண்டு முறுகி, தாறுமாறாக வளர்ந்தே சாகும். நெல் இதைக் குருத்துக்குக் குறைவாகக் கடத்துகிறது, விரைவாகச் செயலிழக்கவும் செய்கிறது. அதனால் தப்புகிறது. மிளகாய், தக்காளி, கத்தரி, பப்பாசி எல்லாம் மருந்தின் கண்ணுக்குக் களைதான். ஓமோன் வேலை என்பதால் மிகச் சிறிய அளவே போதும்.

குருத்திலை ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். இலை நாடாபோல் ஒடுங்கி, நரம்புகள் நெருக்கமாக, ஏறக்குறைய ஒரே திசையில் ஓடினால், காம்பும் முறுகியிருந்தால், சந்தேகம் இந்த மருந்தின் மேல்தான். பேன்பூச்சி தாக்கினால் இலை விளிம்பு மேல்நோக்கி மடியும். சிற்றுண்ணி என்றால் கீழ்நோக்கி. இன்னொரு சாட்சி, வயற்பக்க வரிசைகளில் பாதிப்பு கூடி, உள்ளே போகப் போகக் குறையும். பக்கத்துப் பப்பாசியும் அதே வாரம் முறுகும்.

மருந்து இரண்டு வழியால் வருகிறது. ஒன்று கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று. சிறுபோகம் முழுக்க அது வீசும். வெயில் ஏற ஏற வேகம் கூடும். காலையில், இலை மெல்ல அசையும் அளவு காற்றில், தோட்டம் இல்லாத திசைக்கு அது வீசும்போது மட்டும் அடியுங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் துளி நுண்ணியதாகிப் பறக்கும். பெரிய துளி தரும் விசிறி முனை நல்லது.

மற்றது மருந்தடிக்கும் டாங்கி. வயலுக்குப் பாவித்த டாங்கியில் மறுவாரம் மிளகாய்க்குப் பூச்சிமருந்து கலக்கிறார்கள். குழாயிலும் முனையிலும் தங்கிய மிச்சமே தோட்டத்தைக் கெடுத்துவிடும். களைநாசினிக்குத் தனி டாங்கி வைப்பதே பாதுகாப்பு. முடியாவிட்டால் மூன்று தரம் நீரால் கழுவி, 16 லீற்றர் நீருக்கு சுமார் 150 கிராம் சலவைச் சோடா கரைத்து, குழாய், முனை வழியாகக் கொஞ்சம் பீச்சி, இரவு முழுக்க ஊறவிட்டு மறுபடி கழுவுங்கள். காரத்தில் இந்த அமிலம் உப்பாகி நீரில் கரையும், அதற்குத்தான் சோடா. கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.

நெல்லும் எல்லா நாளிலும் இதைத் தாங்காது. இலை மூன்று, நான்கு வருமுன் அடித்தால் வெங்காயத் தாள்போல் குழல் இலை வரும். கதிர் உருவாகத் தொடங்கியபின் அடித்தால் பதர் கூடும். கதிர் உருவாக்கத்திலிருந்து அறுவடைவரை ஏறத்தாழ 65 நாள். 105 நாள் இனத்துக்கு 40ஆம் நாள்தான் எல்லை. 90 நாள் இனத்தில் இன்னும் நெருக்கம். களையின் இலை வெளியே தெரிய நீரை வடித்து அடித்து, இரண்டு மூன்று நாளில் மீண்டும் கட்டுங்கள். நெல்லைப் போலத் தோன்றும் புல்வகைக் களையான நெற்சப்பிக்கு இது வேலை செய்யாது. அதற்கான பெனொக்சப்புறொப் மருந்தோடு ஒரே டாங்கியில் கலந்தால் நெற்சப்பியும் தப்பிவிடும்.

மிச்ச மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம். குடித்துவிட்டால் முறிமருந்து கிடையாது. வாந்தி எடுக்கவைக்காமல், லேபலோடு உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அதன்பின் புறப்படுங்கள்.