திருட்டு எந்த நொடியில் கொள்ளையாகிறது?

"வீட்டில் கொள்ளை போய்விட்டது சார்" என்று வருகிறவர்களிடம் வழக்கறிஞரான நான் முதலில் கேட்பது, "அப்போது வீட்டில் யார் இருந்தீர்கள்?" என்பதுதான். யாரும் இல்லை, குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தோம், பூட்டை உடைத்து பீரோவைத் துடைத்துவிட்டார்கள் என்பார்கள். எவ்வளவு நகை போயிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கொள்ளை ஆகாது. வீட்டை உடைத்துப் புகுந்ததற்கும் வீட்டுக்குள் திருடியதற்கும்தான் வழக்குப் பதிவாகும். செய்தித்தாள்கள் இதையும் 'கொள்ளை' என்றே தலைப்பிடுகின்றன. நூறு பவுன் போனால் கொள்ளை, ஒரு பவுன் போனால் திருட்டு என்ற எண்ணம் பலருக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

தொகைக்கும் இந்தப் பிரிவினைக்கும் தொடர்பில்லை. கத்தியைக் காட்டி ஐம்பது ரூபாயைப் பிடுங்கினாலும் அது கொள்ளைதான். (திருட்டுக்குள் மட்டும் தொகைக்கு ஒரு வேலை உண்டு. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் முறைத் தண்டனை, பொருளோ அதன் மதிப்போ திரும்பக் கொடுக்கப்பட்டுவிட்டது என்றால், சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை என்று புதிய சட்டம் சொல்கிறது.)

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் கொள்ளையைப் பற்றிய 390, 392 பிரிவுகள் எல்லாம் இப்போது புதிய சட்டத்தின் 309-ஆவது பிரிவுக்குள் அடங்கிவிட்டன. எண்கள் மாறினாலும் இலக்கணம் மாறவில்லை. ஒவ்வொரு கொள்ளைக்குள்ளும் ஒன்று திருட்டு இருக்க வேண்டும், அல்லது மிரட்டிப் பறித்தல் இருக்க வேண்டும்.

ஆகவே அடிப்படையைப் பார்த்துவிடுவோம். அசையும் பொருள், அது ஒருவருடைய வசத்தில் இருக்கிறது, அவருடைய சம்மதம் இல்லை, நேர்மையற்ற எண்ணத்தோடு அதை நகர்த்துகிறார்கள்: இவை சேர்ந்தால் திருட்டு. இங்கே 'வசம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உரிமை என்று சட்டம் சொல்லவில்லை. தன் கைக்கடிகாரத்தை அடகு வைத்தவர் கடனை அடைக்காமல் அடகு பிடித்தவரிடமிருந்து அதைத் தெரியாமல் எடுத்துக்கொண்டால், தன் பொருளைத் தானே திருடிய குற்றவாளி ஆகிறார். இந்த உதாரணத்தைச் சட்டமே தருகிறது.

இந்தத் திருட்டு எப்போது கொள்ளையாக மாறுகிறது? திருடுவதற்காகவோ, திருடும்போதோ, திருடிய பொருளைக் கொண்டுசெல்லும்போதோ, அந்த நோக்கத்துக்காகவே ஒருவருக்கு மரணமோ காயமோ ஏற்படுத்தினால், அல்லது அவரைப் போகவிடாமல் தடுத்தால், அல்லது இவை உடனே நேரும் என்ற அச்சத்தை உண்டாக்கினால் மாறுகிறது. முயன்றாலும் போதும். ரத்தம் வர வேண்டும் என்பதில்லை. கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு பையிலிருந்து பணத்தை எடுத்தாலே வழக்கு கொள்ளையாகிவிடும்.

'அந்த நோக்கத்துக்காக' என்பதுதான் நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் வாதாடப்படும் சொல். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் நான் நடத்திய ஒரு வழக்கு இது. பஸ்ஸில் செல்போனை உருவிய இளைஞனைப் பயணி ஒருவர் துரத்துகிறார். அவன் போனைத் தரையில் போட்டுவிட்டு ஓடுகிறான். பிடிபடப் போகும் நேரத்தில் அவரைத் தள்ளிவிடுகிறான். அவருக்கு முழங்கை எலும்பு முறிகிறது. போலீசார் கொள்ளை வழக்குப் போட்டார்கள். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தள்ளியபோது போன் யாரிடம் இருந்தது? தரையில் கிடந்தது என்று அவரே சாட்சிக் கூண்டில் சொன்னார். அந்தத் தள்ளல் தப்பிப்பதற்கானது, பொருளைக் கொண்டுபோவதற்கானது அல்ல. தீர்ப்பு திருட்டுக்கும் கொடுங்காயத்துக்கும் தனித்தனியாக வந்தது, கொள்ளை நிற்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே தள்ளியிருந்தால் நான் என்ன பேசியும் பயன் இருந்திருக்காது. குடிபோதைச் சண்டையில் ஒருவரை அடித்துச் சாய்த்துவிட்டு, பிறகு தோன்றிய எண்ணத்தில் அவர் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு போவதும் இதே வகைச் சிக்கல்தான்.

மிரட்டிப் பறித்தலில் பொருளை எடுப்பதில்லை. பாதிக்கப்பட்டவரே பயந்து கையில் கொடுக்கிறார். மிரட்டுகிறவர் நேரில் இருந்து, உடனடி ஆபத்தைக் காட்டி, அங்கேயே அப்போதே கொடுக்க வைத்தால் அது கொள்ளை. குழந்தையைப் பள்ளத்தில் வீசிவிடுவேன் என்று எதிரே நின்று பணப்பையைக் கேட்பது கொள்ளை. உன் குழந்தை எங்கள் ஆட்களிடம் இருக்கிறது, பணம் அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்பது, அந்த நொடியிலேயே கொன்றுவிடுவார்கள் என்ற அச்சம் இல்லாதவரை, மிரட்டிப் பறித்தல் மட்டுமே. பெற்றவர் மனதுக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டம் கடிகாரத்தைப் பார்க்கிறது.

இனி செயின் பறிப்பு. முன்பு இதற்கெனத் தனிப் பிரிவு இல்லாததால் சில நிலையங்களில் திருட்டு என்றும் சில நிலையங்களில் கொள்ளை என்றும் பதிவானது. இப்போது 304-ஆவது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் அதிகபட்சத் தண்டனை சாதாரணத் திருட்டுக்கு உள்ள அதே மூன்று ஆண்டுதான். தனிப் பிரிவு தந்தவர்கள் தண்டனையை ஏன் ஏற்றவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. கொள்ளைக்கோ பத்து ஆண்டு வரை கடுங்காவல், நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்த பின் உதிக்கும் முன் நடந்தால் பதினான்கு வரை. காயம் ஏற்படுத்தினால் ஆயுள் தண்டனைக்கும் இடமுண்டு. கழுத்தில் பட்ட கீறலும், கீழே விழுந்ததில் ஏற்பட்ட அடியும் மருத்துவச் சான்றில் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்து வழக்கின் போக்கே மாறலாம். ஆகவே காயம் சிறியது என்று வீட்டிலேயே மஞ்சள் பூசிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் கூட்டுக் கொள்ளை. உள்ளே புகுந்தவர்களோடு, வாசலில் காவல் நின்று உதவியவரும் கணக்கில் வருவார். இதன் தனித்தன்மை, திட்டமிட்டுக் கூடுவதும் தயாராவதும்கூடத் தனித்தனிக் குற்றங்கள் என்பது. 'கொள்ளையடிக்கப் பதுங்கியிருந்த ஐவர் கைது. அரிவாள், கயிறு, மிளகாய்ப் பொடி பறிமுதல்' என்று வாசித்திருப்பீர்கள். அந்தச் செய்திகளில் நான்கு பேர் பதுங்கியிருந்து நான் பார்த்ததே இல்லை.

கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் 311-ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டுக்குக் குறையாத தண்டனை. குத்த வேண்டியதில்லை, மிரட்டும்படி காட்டினாலே பயன்படுத்தியதுதான் என்று 1975-இல் பூல் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் ஆயுதம் யார் கையில் இருந்ததோ அவருக்கு மட்டுமே இந்தக் குறைந்தபட்சத் தண்டனை பொருந்தும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. "மூன்று பேர் கத்தியைக் காட்டி மிரட்டினார்கள்" என்று மொத்தமாக எழுதிய புகார் இங்கேதான் வழுக்கும். சிவப்புச் சட்டை போட்டவன் கத்தி வைத்திருந்தான், மற்றவன் வாயைப் பொத்தினான், மூன்றாமவன் வண்டியை இயக்கியபடி நின்றான் என்று ஆள்வாரியாகச் சொல்ல வேண்டும். நிகழ்ந்த வரிசையும் மாறக்கூடாது. பதிவான முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. வாங்கி, நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று அன்றே படியுங்கள்.

இன்னொன்று, ஆளை முன்பின் தெரியாத வழக்குகளில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும்: பிடிபட்டவரை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தி, சாட்சியை ஆளைக் காட்டச் சொல்வார்கள். என் கட்சிக்காரரான ஓர் அம்மா அங்கே சற்றும் தயங்காமல் சரியான ஆளைக் காட்டினார். விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "அம்மா, அணிவகுப்புக்கு முன்னால் அவர் படத்தை எங்காவது பார்த்தீர்களா?" என்று மிகவும் அன்பாகக் கேட்டார். "ஆமாம் ஐயா, பிடித்த அன்றைக்கே என் மகன் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டினான்" என்றார் அம்மா. வழக்கறிஞர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.