55-இல் போகச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மடித்து மடித்து, மடிப்போரம் கிழிந்துபோயிருந்தது. 21 வருடம் படையில் இருந்து, 41 வயதில் பென்ஷனோடு வெளியே வந்தவர். அப்புறம் 14 வருடம் ஒரே கம்பெனியில் ஜாகா (காவலாளி) வேலை. 55 ஆனதும் ஓய்வு பெறச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. “நீங்கதான் ஏற்கனவே ரிட்டயர் ஆனவராச்சே அண்ணே, சட்டம் உங்களுக்கு இல்லை” என்றாராம் கம்பெனி ஆபீசில் இருந்த பெண்.

மலேசியாவின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் இவ்வளவுதான்: 2013 ஜூலை 1 முதல், தனியார் துறையில் 60-க்கு முன்னால் வயதைக் காட்டி யாரையும் அனுப்பக் கூடாது. ஒப்பந்தத்தில் 55 என்று இருந்தால் அந்த வரி செல்லாது. மீறும் முதலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம்.

அந்தப் பெண் சொன்னது அரைகுறை. சட்டம் வருவதற்கு முன்பே, 55-இலோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்று மறுபடி வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்த விலக்கு. 41-இல் பட்டாளத்தை விட்டவருக்கு அது எப்படிப் பொருந்தும்? அஸ்கார் வத்தானியா சேமப்படையில் இருப்பவர்களும் கவனியுங்கள்: படை உங்களை வயதுக்காக விடுவித்தாலும் பகல் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 55-இல் சேமநிதிப் பணத்தை எடுத்தாலும் அப்படித்தான். பணம் எடுத்தது ஓய்வு பெற்றதாகாது.

ஒப்பந்த வேலையில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். நீட்டிப்பையும் சேர்த்து 24 மாதத்தைத் தாண்டாத ஒப்பந்தத்துக்கு இந்தச் சட்டம் இல்லை. வருடா வருடம் தந்த கடிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 24 மாதத்துக்கு மேல் தொடர்ந்ததைக் காட்ட அவைதான் சாட்சி.

இன்னொரு குழி கையெழுத்து. கடிதத்தில் ‘பிலிஹான்’ (சொந்த விருப்பத் தேர்வு) என்ற மலாய்ச் சொல் இருக்கிறதா பாருங்கள். நீங்களே விரும்பிப் போகிறீர்கள் என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதித் தேதி போடுங்கள்.

சரி, புகார் எங்கே? ஜபாத்தான் தெனாகா கெர்ஜா, அதாவது தொழிலாளர் இலாகாவில். எழுத்தில், வேலையை விட்டு நிறுத்திய தேதியிலிருந்து 60 நாளுக்குள். நியாயமில்லாத வேலை நீக்கத்தைப் பார்க்கும் தொழில் உறவு இலாகாவிலும் அதே 60 நாள்தான். ஒரு கவுண்டர் அடுத்த கவுண்டரைக் காட்டும், அது சேமநிதி ஆபீசைக் காட்டும், நாள் பாட்டுக்கு ஓடும். வாய்ப் பேச்சை நம்ப வேண்டாம். புகாரை இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சாப் (முத்திரை) அடித்து வாங்குங்கள்.

அந்த முன்னாள் வீரர் என்னிடம் வந்தபோது 47 நாள் போயிருந்தது. அதில் மூன்று வாரம், “மேலதிகாரி லீவு, அடுத்த வாரம் வாங்க” என்பதிலேயே போனது.