அசைக்ளோவிர்: கொப்புளம் காய்வதற்குள் கொடுக்க வேண்டிய மருந்து

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பிள்ளையின் உதட்டோரத்தில் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பினால் 'அம்மை' என்பார்கள், இல்லையென்றால் 'அக்கி' என்பார்கள். வேப்பிலை வரும், காவி பூசுவார்கள், மூன்று நாள் ஓடிவிடும். கொப்புளத்துக்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸாக இருந்தால், மருந்து நன்றாக வேலை செய்வதே அந்த மூன்று நாளில்தான்.

காரணம், அசைக்ளோவிர் என்ற அந்த வைரஸ் எதிர்ப்பு மருந்து வேலை செய்யும் விதம். வைரஸ் புகாத செல்லில் அது ஏறக்குறைய சும்மா கிடக்கும். வைரஸ் புகுந்த செல்லில், தைமிடின் கைனேஸ் என்ற வைரஸின் சொந்த நொதி அதனுடன் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. இன்னும் இரண்டை நம் செல்லின் நொதிகள் ஒட்டுகின்றன. அந்த வடிவில் அது டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தைப் போலவே இருக்கும். வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது ஏமாந்து அதையும் டி.என்.ஏ. சரத்தில் ஒரு மணிபோலக் கோர்த்துக்கொள்கிறது. அடுத்த மணியை மாட்டக் கொக்கி இல்லை. சரம் அங்கேயே அறுபடுகிறது. இந்த மருந்து உருவான ஆய்வுக்கூடத்தை நடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

படியெடுப்பதைத்தான் அது நிறுத்தும். பொருக்குத் தட்டிய புண்ணில் நிறுத்துவதற்கு அதிகம் இல்லை. நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸையும் அது தொடாது. அதனால்தான் காய்ச்சலோ வெயிலோ வந்தால் அதே இடத்தில் மீண்டும் எழும்புகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள பிள்ளைக்கு அப்படித் திரும்பி வரும் சிறு கொப்புளம் தானே ஆறிவிடும்.

முதல்முறை வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சலோடு பாலும் குடிக்காத பிள்ளையின் நிலை வேறு. வழக்கமான அளவு, கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் (ஒரு வேளைக்கு 200-ஐத் தாண்டாமல்), நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள திரவ மருந்தில் அது 3.75 மில்லி. சமையலறைக் கரண்டி இதற்கு ஆகாது, ஊசியில்லாத சிரிஞ்சு வேண்டும். பாட்டிலைக் குலுக்கி எடுங்கள். ஐந்து வேளை ஏன்? குடிப்பதில் சிறு பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது, அதையும் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடுகிறது. நீர் வற்றிய உடலில் மருந்து சிறுநீரகத்திலேயே படிகமாகலாம். ஆகவே தண்ணீரோ, பாலோ, கஞ்சித் தண்ணீரோ வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

விரல் சூப்பும் பிள்ளைக்கு வைரஸ் விரலுக்கும் போகும். நகச்சுற்று என்று எண்ணி எலுமிச்சம்பழம் செருகுவதும், கீறிவிடுவதும் கூடாது. உள்ளே சீழ் இருக்காது, கீறினால் பரவும்.

கரப்பான் (எக்ஸிமா) உள்ள பிள்ளைக்குத்தான் பெரும் ஆபத்து. அரிப்புத் தோலில் ஒரே அளவில் குத்தியெடுத்தாற்போன்ற வட்டப் புண்கள் வேகமாகப் பரவி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தக்குழாய் வழியாக மருந்து ஏறும். கண்ணருகே கொப்புளம் வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவுக்கு ஒரே ஒரு கொப்புளமும் அவசரம்தான். அதே போல் இரத்தக்குழாய் வழியாக, கிலோவுக்கு 20 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தோலோடு நின்றால் 14 நாள், மூளைக்குப் போனால் குறைந்தது 21 நாள். குழந்தை பார்க்க வருபவர் உதட்டில் புண் இருந்தால், அது காய்ந்து உதிரும்வரை முத்தம் வேண்டாம் என்று பாட்டியே சொல்லிவிடலாம்.