முட்டி தெரிய வேண்டும், தொடை தெரியக் கூடாது: ஒரு கில்ட் வாடகைக் கடையிலிருந்து

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், பாவாடை போல மடிப்பு வைத்த கம்பளி உடை. முதல் முறை அதைக் கட்டுபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, துணி கைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. இடுப்பளவு என்ன என்று கேட்டால் ஜீன்ஸ் அளவைச் சொல்லிவிடுவார்கள். ஜீன்ஸ் நிற்பது இடுப்பெலும்பில். கில்ட் நிற்க வேண்டியது தொப்புள் உயரத்தில். நம்மில் பலருக்கு அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே சில அங்குல வித்தியாசம் உண்டு. சொந்தத் தொப்பையைப் பார்த்துக்கொண்டே அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வதும் சேர்ந்துகொள்ளும்.

கல்யாணத்தன்று காலையில் பக்கிள் எட்டாது. சரி, கொஞ்சம் இறக்கிக் கட்டுவோம் என்று இறக்குவார்கள். கீழ் ஓரம் முட்டியைத் தாண்டித் தொங்கும், கால் குட்டையாகத் தெரியும், ஆட ஆரம்பித்தால் இன்னும் நழுவும். கில்ட்டின் ஓரம் முட்டிச் சில்லின் நடுவிலோ சற்று மேலேயோ முடிய வேண்டும். வீட்டில் சோதிக்க வழி இருக்கிறது: கில்ட்டைக் கட்டிக்கொண்டு முட்டி போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. தரையில் மடிந்து கிடந்தால் நீளம்.

நான் வேலை பார்ப்பது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கில்ட் வாடகைக் கடையில். பட்டமளிப்பு விழாவுக்கு வாடகைக்கு எடுக்க வரும் நம் ஊர் மாணவர்கள், இதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்குத்தான் தெரியாது என்று நினைத்துக் கூச்சப்படுகிறார்கள். அப்படி இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் கில்ட் தினசரி உடை அல்ல. நண்பனின் கல்யாணத்தில்தான் முதல் முறை கட்டுகிறார்கள், அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

இந்தத் தவறுகளுக்குப் பெரிய பரம்பரையே உண்டு. 1822 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். ஏற்பாடுகள் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் பொறுப்பு. மன்னரின் ஹைலேண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) உடைக்கு மட்டும் 1,354 பவுண்டு செலவு. இவ்வளவு செலவழித்தும் கில்ட் அளவுக்கு மீறிக் குட்டை. அடியில் தோல் நிறத்தில் இறுக்கமான காலாடை. கேலிச்சித்திரக்காரர்கள் விடுவார்களா? பிறகு டேவிட் வில்கி வரைந்த அரச ஓவியத்தில் கில்ட் நீண்டுவிட்டது, காலாடை காணாமல் போய்விட்டது. அதே விழாவுக்கு லண்டனின் முன்னாள் மேயர் வில்லியம் கர்ட்டிஸும் கில்ட்டில் வந்திருந்தார், நல்ல பருமனான மனிதர். காலுறையில் கத்தி செருகியிருந்த அவரைப் பார்த்து, எல்லாம் சரி, ஸ்பூன் எங்கே என்று உள்ளூர்க்காரர் ஒருவர் கேட்டதாக ஒரு கதை.

அந்த உள்ளூர்க்காரருக்கு வாரிசுகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இங்கே அவர்களைக் 'கில்ட் போலீஸ்' என்பார்கள். முன்பின் தெரியாத ஆளிடம், பத்துப் பேர் முன்னால், ஊக்கு குத்தியது தப்பு, காலுறை தப்பு என்று அடுக்குவார்கள். சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சொன்ன பிறகு அந்த ஆள் கில்ட் கட்டுவதையே நிறுத்திவிடுவான் என்பதுதான் பிரச்சினை. வாடகை உடையைத் திருப்பித் தரும்போது, 'இனிமேல் சூட்தான்' என்று சொல்லிவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். துணியில் குறை இருக்காது. விருந்தில் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள்.

என் கணக்கு எளிது. நின்ற இடத்திலேயே சரிசெய்ய முடியுமென்றால், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். முடியாததென்றால் பேசாமல் இருப்பது நல்லது. டார்டன் (கில்ட்டின் கட்டம் போட்ட துணி வடிவம்) பொருத்தமில்லை, பகல் விழாவுக்கு வெள்ளி வைத்த ஸ்போரன் (இடுப்பின் முன்னால் தொங்கும் சிறு பை) போட்டிருக்கிறான் என்பதையெல்லாம் மண்டபத்தில் சொல்லி யாருக்கு என்ன லாபம்? அவன் போய் மாற்றிக்கொண்டு வரப்போவதில்லை.

சொல்லியே ஆக வேண்டியவையும் உண்டு. மடிப்புகள் முன்னால் வரக் கட்டியிருந்தால் உடனே சொல்லுங்கள். மடிப்பு பின்பக்கம், தட்டையான பகுதி முன்பக்கம், அதன் குஞ்சம் வைத்த ஓரம் கட்டுபவரின் வலப்பக்கம். இடுப்பு ஒரு பக்கம் பிதுங்கிக்கொண்டு நின்றால், உள்ளே போகும் துணியின் வார் இடப்பக்கத் துளை வழியாக வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது கில்ட் பின் என்ற அலங்கார ஊக்கு. இது உடையைப் பூட்டி வைக்கும் ஊக்கு என்று நினைத்து மேல்துணி, உள்துணி இரண்டையும் சேர்த்துக் குத்திவிடுகிறார்கள். உட்காரும்போது இரண்டும் வெவ்வேறு பக்கம் இழுக்கும், கம்பளி கிழியும். கில்ட் பின்னை மேல்துணியில் மட்டும், கீழே வலது மூலையில் குத்துங்கள். காற்றடித்தால் பறந்துவிடாதா என்று கேட்பார்கள். முழுக் கில்ட்டில் எட்டு கஜம் வரை கம்பளித் துணி இருக்கிறது, அந்தக் கனமே போதும். கடைவீதியில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் மெல்லிய துணிக்கு நான் பொறுப்பில்லை.

ஷூ பற்றி எச்சரிக்காமல் யாரையும் கடையிலிருந்து அனுப்புவதில்லை. காலுறையும் ஷூவும் முதலில், கில்ட் அதற்குப் பிறகு. கில்ட்டோடு போடும் கில்லி ஷூவுக்கு நாக்கு கிடையாது. நீண்ட கயிற்றை முறுக்கிக் கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றிக் கட்ட வேண்டும். இடுப்பை இறுக்கிய பிறகு குனிந்து அதைச் செய்வது தண்டனை. கயிற்றைக் கெண்டைக்கால் பாதி வரை ஏற்றிக் கட்டி, பாலே நடனக்காரர் போல வருபவர்கள் உண்டு. அதுவும் இரண்டு நிமிட வேலைதான். ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அவிழ்த்துக் கட்டிவிடலாம். காலுறையின் மடிப்பு முட்டிக்குக் கீழே மூன்று விரல் இடைவெளியில் நிற்கட்டும்.

காலுறையில் செருகும் ஸ்கியன் டூ என்ற சிறு கத்தியில் பிடி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். தேசிய உடையின் பகுதியாக வைத்திருப்பதை ஸ்காட்லாந்துச் சட்டம் அனுமதிக்கிறது. விழா முடிந்து ஜீன்ஸுக்கு மாறிய பிறகும் பையில் வைத்துக்கொண்டு தெருவில் சுற்றினால் அந்தச் சமாதானம் எடுபடாது. விமானத்தில் கைப்பையில் வைக்கவே வேண்டாம். பல வாடகை செட்டுகளில் இப்போது வெறும் பிளாஸ்டிக் பிடிதான் வருகிறது, நிம்மதி.

உட்காரும்போது ஒரு கையால் பின்மடிப்பைத் தடவி இறக்கிவிட்டு உட்காருங்கள், முட்டிகளைச் சேர்த்து வையுங்கள். குழுப் படம் எடுக்கும்போது முன்வரிசையில் உட்காருபவர்களைப் பார்த்துப் பயந்துகொண்டே இருப்பேன். வியர்த்தால் வேட்டி போல மடித்துக் கட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டார். முடியாது தம்பி.

உள்ளே என்ன என்ற கேள்வி வராத நாள் இல்லை. வாடகைக் கில்ட் என்றால் உள்ளாடை போட்டே ஆக வேண்டும். போன வாரம் வேறொருவர் கட்டியது, அடுத்த வாரம் இன்னொருவர் கட்டப்போவது. உள்ளே எதுவும் போடக் கூடாது என்ற பாரம்பரியப் பேச்சு அங்கே செல்லாது. இதைவிட முக்கியமானது, விருந்தில் குடித்துவிட்டுப் பின்னாலிருந்து கில்ட்டைத் தூக்கிப் பார்ப்பவர்கள். முதல் முறை கட்டியவர் இங்கே அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துச் சமாளிப்பார். அது வழக்கம் இல்லை, ஸ்காட்லாந்தில் வழக்குப் போடக்கூடிய குற்றம். அனுபவமுள்ளவர் யாராவது பக்கத்தில் இருந்தால், காலுறை மடிப்பைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கையைத் தடுக்கட்டும்.

பல டார்டன்கள் ஒவ்வொரு ஸ்காட்லாந்துக் குலத்துக்கும் உரியவை. எனக்குக் குலம் கிடையாதே, எந்த டார்டன் கட்டலாம் என்றும் தயங்குவார்கள். பிளாக் வாட்ச் என்ற டார்டனை யாரும் கட்டலாம். ஒரு குலத்தின் டார்டனை மற்றவர் கட்டக் கூடாது என்று சட்டமும் இல்லை. அரச குடும்பத்துக்கென்று வைத்திருக்கும் பால்மோரல் டார்டனை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான். அதை எந்தக் கடையிலும் தரமாட்டார்கள்.

அப்புறம், மழையில் நனைந்தால் ஹீட்டர் மேல் போடாதீர்கள், மெஷினில் துவைக்காதீர்கள். மடிப்புகளை விரல்களால் நேராக்கி, இடுப்புப்பட்டையைப் பிடித்துத் தொங்கவிட்டுக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். கறை பட்டிருந்தால் என்ன கறை என்று சொல்லிவிடுங்கள். ஹாகிஸ் (இங்கத்திய இறைச்சி உணவு) கறையா, ரெட் வைனா என்று நாங்களாகக் கண்டுபிடிக்கப் பார்த்தால்தான் துணி கெடுகிறது.