ஒரு கிரவுண்டில் நாய்ப் பூங்கா: வடிகால் முதலில், அழகு அப்புறம்

ராயப்பேட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி என்று நகரின் நடுப்பகுதியிலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வரும் நாய்களில் பெரும்பாலானவை அடுக்குமாடி நாய்கள். லிஃப்டில் இறங்கி, பைக்குகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே ஒரு சுற்று நடந்து, மறுபடியும் லிஃப்டில் ஏறிவிடுகின்றன. உடம்பு போட்டுப்போன லாப்ரடார், சோபாவைக் கிழித்துப் பஞ்சை வெளியே எடுக்கும் பீகிள், காலிங் பெல் அடித்தாலே அரை மணி நேரம் குரைக்கும் பொமரேனியன். இவற்றுக்கு மாத்திரையைவிட ஓட்டம்தான் தேவை. "எங்க டாக்டர் ஓட விடுறது?" என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

அதனால் குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் பகுதியில் சின்னதாக ஒரு டாக் பார்க் வேண்டும் என்று பேச ஆரம்பித்திருப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் கொண்டுவந்து காட்டும் வரைபடத்தில் பச்சைப் புல்வெளி இருக்கும், தாண்டிக் குதிக்க வளையங்கள் இருக்கும், செல்ஃபிக்கென்று வண்ணம் தீட்டிய சுவர்கூட இருக்கும். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வாசலுக்கு எத்தனை கதவு, காலையில் மலத்தை யார் அள்ளுவார்கள் என்பது மட்டும் இருக்காது. சின்ன இடத்தில் அமைக்கும் நாய்ப் பூங்கா நிலைப்பதும் நோய் பரப்புவதும் இந்த மூன்றைப் பொறுத்தது.

உதாரணம் என்று எல்லோரும் கொண்டாப்பூரைச் சொல்கிறார்கள். ஹைதராபாத் மாநகராட்சி 2018-இல், முன்பு குப்பை கொட்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து திறந்த பூங்கா அது. நல்ல முயற்சிதான். ஆனால் அதன் பரப்பு 1.3 ஏக்கர், நம் கணக்கில் 23 கிரவுண்டுக்கு மேல் (ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி). நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் பரிந்துரைப்பதும் ஓர் ஏக்கரோ அதற்கு மேலோதான். மயிலாப்பூரில் ஓர் ஏக்கருக்கு எங்கே போவது? நமக்கு நெருக்கமான முன்மாதிரி நியூயார்க்கில் இருக்கிறது. மன்ஹாட்டனின் நெருக்கடியான குடியிருப்புப் பகுதியில், டாம்கின்ஸ் ஸ்கொயர் பூங்காவின் ஒரு பகுதியை வேலி போட்டுப் பிரித்து, 1990-இல் நாய்களுக்கென்று விட்டார்கள். அந்த நகரத்தில் அதுதான் முதல். அமெரிக்காவிலேயே முதல் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஓலோன் நாய்ப் பூங்கா, பெர்க்லியில் 1979-இல் வந்தது. சுரங்க ரயில் பாதைக்காகக் காலி செய்யப்பட்ட நிலத்தில். நம் ஊரிலும் மெட்ரோ வேலை முடிந்து தகரத் தடுப்புகளை எடுக்கும்போது அங்கங்கே துண்டு நிலங்கள் மிஞ்சத்தான் போகின்றன. கேட்பதாக இருந்தால் அவற்றைக் கேட்கலாம். குழந்தைகள் விளையாடும் பூங்காவிலிருந்து ஒரு மூலையை வெட்டித் தரச் சொல்வது மட்டும் வேண்டாம். அது முதல் நாளிலேயே பாதித் தெருவை நமக்கு எதிரியாக்கிவிடும், அவர்கள் கோபமும் நியாயமானது.

மேம்பாலத்துக்கு அடியில் இடம் சும்மாதானே கிடக்கிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. வெயில் படாத தரை காயாது. கிருமிகளைக் கொல்வதற்குக் காசு கேட்காத ஒரே ஆள் சூரியன், அவரை வெளியே நிறுத்திவிட்டுப் பூங்கா கட்டக் கூடாது.

இனி தரை. ஒரு கிரவுண்டு இடத்தில் தினமும் முப்பது நாற்பது நாய்கள் வந்துபோனால் புல் நிற்காது. சிறுநீரில் இருக்கும் நைட்ரஜன் வேரைக் கருக்கிவிடும், ஓட்டமும் பிறாண்டலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சில மாதங்களில் வெறும் மண், ஐப்பசி மழையில் சேறு. அந்தச் சேறுதான் எனக்குப் பயம். நாய்ச் சண்டைக்குக்கூட இவ்வளவு பயப்பட மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலைக் கொடுக்கும் பார்வோ வைரஸ், நோயுற்ற குட்டியின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும், மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும். வழக்கமான ஃபினாயிலுக்கு அது அசைந்து கொடுக்காது. சிமெண்ட் தரையாக இருந்தால் ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். மண்ணில் ஊற்றினால் பிளீச்சின் வீரியம் அங்கேயே போய்விடும், வைரஸ் அப்படியே இருக்கும். அடுத்தது நாயின் குடலில் இருந்து ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு. அள்ளாமல் விட்ட மலத்திலிருக்கும் முட்டைகள் நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு வாரம் பத்து நாளில் தொற்றக்கூடிய புழுக்களாகிவிடும். அவை நாயின் பாதத் தோலைத் துளைத்தும் உள்ளே போகும். வெறுங்காலோடு நிற்கும் குழந்தையின் காலிலும் ஏறும். தோலுக்கடியில் சிவப்புக் கோடாக நெளிந்து போவதைத் தோல் மருத்துவரிடம் காட்ட ஓட வேண்டிவரும். மூன்றாவது எலிக்காய்ச்சல். பெருச்சாளி இல்லாத மழைநீர்க் கால்வாய் சென்னையில் எங்கே இருக்கிறது? அதன் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரை நாய் நக்கினாலே போதும், சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து அடிபடும். அந்த நாயின் சிறுநீர் வழியாக வீட்டிலிருப்பவர்களுக்கும் அது வரும்.

ஆகவே தண்ணீர் நிற்காத தரை வேண்டும். ஐம்பது அடிக்கு ஓர் அடி சரிவு, அடியில் ஜல்லிப் படுகை, அதற்குள் ஓட்டை போட்ட வடிகால் குழாய், அதன் மேல் மண்ணைத் தடுக்கும் துணி விரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே கெட்டித்த கருங்கல் துகள். கூரான ஜல்லியை மேலே போட்டால் பாதம் கிழியும். வாசலை ஒட்டியும் உட்காரும் இடத்தை ஒட்டியும் கழுவிவிடக்கூடிய கல் பாவிய தரை இருக்கட்டும், நாய்கள் அதிகம் மூத்திரம் விடுவது அந்த இடங்களில்தான். செயற்கைப் புல்லை விற்க வருபவர்கள் நிறைய பேர். சித்திரை வெயிலில் அதன் மேல் உங்கள் கையை வைத்துப் பாருங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது. கோடை முடிந்தாலும் அது உள்ளே வாங்கிய நாற்றம் போகாது.

சுவர் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய செங்கல் சுவர் அழகாகத்தான் இருக்கும், ஆனால் விரிசல் என்றால் உண்ணி. நம் ஊரின் பழுப்பு நிற நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும், சுவரில் ஏறும், பொந்தில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மருந்து போட்டுப் போட்டும் உண்ணிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும் நாய்களைப் பார்க்கும்போது, நான் முதலில் கேட்பது வீட்டுச் சுவரைப் பற்றித்தான். பூங்காவில் சுவர் இருந்தால் வழவழப்பாகப் பூசிவிடுங்கள். செடி விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் பழக்க தோஷத்தில் அரளியைக் கொண்டுவந்து வரிசையாக நட்டுவிடுவார்கள். அதன் இலையே நாயின் இதயத்தை நிறுத்தப் போதும். பங்களா வாசல்களில் குட்டைப் பனை போல நிற்கும் சைகஸ் என்ற அலங்காரச் செடி இன்னும் மோசம், அதன் விதையைத் தின்ற நாய்க்குக் கல்லீரல் போய்விடும். நிழலுக்கு ஒரு புங்கை, ஒரு வேம்பு. போதும்.

கதவு இரண்டு வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஒரு சின்ன அறை அளவுக்கு இடம் விட்டு. வெளிக்கதவைச் சாத்திய பிறகு நாயின் செயினைக் கழற்றி, உள்கதவைத் திறக்க வேண்டும். நடுவில் இருக்கும் இடம் இல்லாவிட்டால் கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நாய் சாலைக்குப் பாயும், சாலையில் ஷேர் ஆட்டோ வரும். கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். வாசலை மனையின் மூலையில் வைக்காதீர்கள். புதிதாக ஒரு நாய் வந்தால் உள்ளே இருப்பவை எல்லாம் மோப்பம் பிடிக்க வாசலுக்கு ஓடிவரும். மூலையில் சிக்கிய நாய்க்குப் பின்வாங்க இடமிருக்காது, அதனால் கடிக்கும். நான் தையல் போடும் பூங்காக் கடிகளில் பல, உள்ளே நுழைந்த முதல் சில நிமிடங்களில் நடந்தவை. உள்ளே போன பிறகும் பயத்தில் செயினைக் கழற்றாமல் பிடித்துக்கொண்டே நிற்பதும் சண்டைக்கு வழி. மற்றவை ஓடும்போது தான் மட்டும் கட்டுண்டு கிடந்தால் எந்த நாயும் முறைக்கும்.

வேலி ஐந்தடி உயரம் இருக்கட்டும். அடியில் ஓர் அடி ஆழத்துக்கு கான்கிரீட் விளிம்பு, டாஷ்ஹண்ட் தோண்டுவதில் கெட்டிக்காரன். தெருப்பக்கம் வேலியின் கீழ் இரண்டடியைத் தகடு வைத்து மறைத்துவிடுங்கள். காரணம், தெருநாய்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே கூட்டத்தில் சத்தம் வந்துவிடும். பூங்காவுக்காகத் தெருநாய்களைப் பிடித்து வேறெங்காவது விடலாம் என்று யாராவது சொல்வார்கள். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள்படி, கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். மருத்துவமும் அதையேதான் சொல்கிறது: ஊசி போட்ட பழைய நாய்களை அகற்றினால் ஊசி போடாத புதிய நாய்கள் அந்த இடத்துக்கு வரும். எனவே பூங்கா வேலை தொடங்கும்போதே சுற்றியுள்ள நாலு தெரு நாய்களுக்கும் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்துவிட வேண்டும். அவற்றுக்குச் சோறு வைப்பவர்களோடு பேசி, சோறு வைக்கும் இடத்தைப் பூங்கா வாசலிலிருந்து தள்ளி வையுங்கள். அப்படி ஓர் இடத்தை ஒதுக்குவது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்று அதே விதிகள் சொல்கின்றன.

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய செய்தி யாருக்கும் மறந்திருக்காது. நாய்ப் பூங்கா என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் குழந்தையைத்தான் நினைப்பார். அவரிடம் போய் "என் நாய் ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லாதீர்கள். விதிகளைக் காட்டுங்கள். மாநகராட்சி உரிமமும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் இல்லாத நாய்க்கு அனுமதி இல்லை. வெறிநோய் ஊசி, வருடாந்திரக் கூட்டுத் தடுப்பூசி இரண்டின் அட்டையும் பார்த்த பிறகே பதிவு. குட்டிகள் நாலு மாதம் முடிந்து, கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை வரக்கூடாது. ஹீட்டில், அதாவது இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெண் நாய் மூன்று வாரம் வீட்டிலேயே இருக்கட்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வேலிக்குள் விட வேண்டாம் என்பது என் கருத்து. ஓடும் குழந்தையைத் துரத்துவது நாய்க்கு விளையாட்டு. பந்து, பிஸ்கட், சிக்கன் துண்டு எதுவும் உள்ளே கூடாது, நல்ல நண்பர்களான நாய்களும் இவற்றுக்காக அடித்துக்கொள்ளும்.

ஒரே நேரத்தில் எத்தனை நாய்? ஒரு கிரவுண்டுக்கு ஆறேழு, அதற்கு மேல் வேண்டாம். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, என் அனுபவக் கணக்கு. இடத்தை இரண்டாகப் பிரிக்க முடியாத அளவு சின்னதாக இருந்தால் நேரத்தைப் பிரியுங்கள்: காலை ஆறிலிருந்து ஏழேகால் வரை பெரிய நாய்கள், அப்புறம் பக், ஷீட்ஸு வகையறா. ஒன்பது மணிக்கு மேல் பூட்டிவிட வேண்டும். அமுங்கிய மூக்குள்ள நாய்கள் வெயிலில் மூச்சுவாங்கி மயங்கி விழுந்து, எங்களிடம் வந்து சேர்வதற்குள் கைமீறிப் போவதுண்டு. குடிதண்ணீருக்குத் தொட்டி கட்டாதீர்கள். குழாய் போதும், அவரவர் கிண்ணத்தை அவரவர் கொண்டுவரட்டும்.

சண்டை மூண்டுவிட்டால் இரண்டு வாய்களுக்கு நடுவில் கையை விடக் கூடாது. தண்ணீர்ப் பைப்பைத் திருப்பிவிடுங்கள், அல்லது இரண்டு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுங்கள். மனிதருக்குப் பல் பட்டிருந்தால், ஊசி போட்ட நாயாக இருந்தாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இவ்வளவும் நடக்க ஒரு பராமரிப்பாளர் வேண்டும், சம்பளத்துக்கு. தன்னார்வலர் பட்டியல் முதல் மாதத்தில் நீளமாக இருக்கும், நாலாவது மாதம் வாட்ஸ்அப் குழுவில் யார் முறை என்று சண்டை நடக்கும். அட்டையைப் பார்த்து உள்ளே விடுவது, உரிமையாளர் அள்ளாததை அள்ளுவது, தரையைக் கழுவுவது, மலம் போடும், மூடியுள்ள குப்பைத் தொட்டியைத் தினமும் காலி செய்வது என்று அவருக்கு நாள் முழுக்க வேலை இருக்கும். அவருக்குக் கையுறையும் காலணியும் வெறிநோய் முன்தடுப்பு ஊசியும் சங்கத்தின் செலவில். மாதச் சந்தாவில் இதற்குப் பணம் தேறாது என்றால் பூங்காவைத் திறக்காமல் இருப்பதே மேல்.

திறப்பு விழாவைத் தை மாதத்தில் வையுங்கள். மழை விட்டுத் தரை காய்ந்திருக்கும், வடிகால் வேலை செய்கிறதா என்பது அதற்குள் தெரிந்திருக்கும், கோடை வருவதற்குள் நாய்களும் உரிமையாளர்களும் விதிகளுக்குப் பழகிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு நாள் விடாமல் பெய்தால், தரை காயும்வரை பூட்டு போட்டுவிடுங்கள். யார் திட்டினாலும் பரவாயில்லை.